மறு: ‘கியூரிங்’ – ‘உலர்தல்’ போதாது, ‘சுடுபதம்’ என்று வைக்கலாமா?

நண்பர்களே, வணக்கம்.

பூசிய பெயிண்ட் முழுதாக இறுகி உறுதியாவதை ஆங்கிலத்தில் ‘கியூரிங்’ என்கிறார்கள். நாம் தொகுக்கும் கலைச்சொல் அகராதியில் அதற்கு ‘உலர்தல்’ என்றே போட்டுவிடலாம் என்று போன வாரம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். நானும் ‘சரி’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் காரின் சைலன்சர் எனக்கு வேறு பாடம் சொல்லிவிட்டது. மடல் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்போடுதான் வரும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இரும்பு அரிக்கும் வேகத்தைப் பார்க்கப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஆய்வுக் களம் வைத்திருப்பது சும்மா இல்லை. சைலன்சருக்கு இங்கே இரண்டு பக்கமும் அடி. வெளியே உப்புக்காற்று. உள்ளே தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். ராமேஸ்வரம் வரை போய்த் திரும்புகிற குறுகிய ஓட்டத்தில் குழாய் முழுதாகச் சூடேறுவதில்லை. அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து அரிக்கும். உட்பக்கத்துக்கு நான் பெயிண்ட் அடிக்க வழியில்லை. வெளிப்பக்கத்தையாவது காப்போம் என்றுதான் பெயிண்ட் அடித்தேன்.

முதல் தடவை எல்லாம் தப்பு. துருவைத் தேய்த்துவிட்டு, கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமரை அடித்து, அதன் மேல் வெப்பம் தாங்கும் சில்வர் பெயிண்ட்டைக் கனமாகப் பூசினேன். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. விரலால் தொட்டால் ஒட்டவில்லை. ‘உலர்ந்துவிட்டது’ என்று வண்டியை எடுத்தேன். ஒரு மாதத்துக்குள் தேங்காய் நார் மாதிரிப் பிய்ந்து தொங்கியது. அந்தப் பிரைமரின் பிசின் சைலன்சர் சூட்டில் கருகிவிடும். கீழே இருப்பது கருகினால் மேலே இருப்பது எப்படி நிற்கும்?

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளில், இங்கே கரையேற்றிய விசைப்படகுகளுக்கெல்லாம் பழுது பார்த்துப் பெயிண்ட் அடிப்பார்கள். இன்ஜின் புகைக்குழாய்க்கு அடிப்பதும் இதே சில்வர்தான். மண்டபத்தில் அந்த வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டாம் தடவை இறங்கினேன். முதலில் நல்ல தண்ணீரில் குழாயை நன்றாகக் கழுவச் சொன்னார். உப்பு இருக்கும்போதே தேய்த்தால் அது இரும்புக் குழிகளுக்குள் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும், பிறகு பெயிண்ட்டுக்கு அடியில் ஈரத்தை இழுக்கும். கழுவிக் காயவைத்து, கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு தின்னர் துணி. அதே நாளில் பெயிண்ட். மறுநாள் வரை விட்டால் பளிச்சென்ற இரும்பில் மெல்லிய செந்துரு படிந்துவிடும், அதிலும் நம் ஊர்க் காற்றில். பிரைமரே கிடையாது. இரண்டு மெல்லிய பூச்சு மட்டும்.

அடித்து முடித்து மறுநாள் நான் தொட்டுப் பார்த்து “காஞ்சிருச்சுண்ணே” என்றேன். அவர் சொன்னது இது: “காஞ்சிருக்கு தம்பி. ஆனா பச்சையாத்தான் இருக்கு. இது வேகணும்.”

நாம் தேடிக்கொண்டிருந்த சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று அப்போதே பட்டது.

பெயிண்ட்டில் நடப்பது இது. இந்த வகைப் பூச்சின் பிசின் சிலிக்கோன். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. தனுஷ்கோடி மணலைச் சூட்டுக்கு அசையாமல் வைத்திருப்பதும் இதே பிணைப்புதான். சாதாரண பெயிண்ட்டின் கார்பன் சங்கிலி அறுகிற சூட்டில் இது அறுவதில்லை. கரைப்பான் ஆவியாகிப் போனால் பெயிண்ட் உலர்ந்துவிடும், ஆனால் சங்கிலிகள் இன்னும் தனித்தனியாகத்தான் கிடக்கும். சூடு ஏறும்போதுதான் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. இன்னும் ஏறினால் பிசினிலுள்ள கரிமப் பகுதி எரிந்து போய், மிஞ்சும் சிலிக்கா, பெயிண்ட்டுக்குச் சில்வர் நிறம் தரும் அலுமினியத் துகள்களோடு சேர்ந்து இரும்பைப் பற்றிக்கொள்கிறது. முதல் ஓட்டத்தில் குழாயிலிருந்து புகை வருவது இதனால்தான் (திறந்த வெளியில் செய்யுங்கள், மூச்சுக்கு நல்லதல்ல). டப்பாவுக்கு டப்பா மாறும் என்றாலும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்: 120 டிகிரி செல்சியஸில் அரை மணி, ஆறவிட்டு 200 டிகிரியில் அரை மணி, மறுபடி ஆறவிட்டு 300 டிகிரிக்கு மேல் அரை மணி. எடுத்த எடுப்பில் சூட்டை ஏற்றினால் மிச்சக் கரைப்பான் கொதித்துக் கொப்புளம் போடும்.

நான் அடுப்பில் வைக்கவில்லை. வண்டியிலேயே மாட்டி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு இருபது நிமிடம், கடைசியாக ராமநாதபுரம் வரை ஓட்டிப் போய் வந்தேன். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு, தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் குழாயைத் தேய்த்துப் பார்த்தேன். இன்ஜின் பக்கம் துணி வெள்ளையாகவே இருந்தது. பின்முனையில் தேய்த்ததும் துணி முழுக்கச் சில்வர்.

ஒரே குழாய், ஒரே டப்பா, ஒரே நாள் அடித்தது. இரண்டு முனையும் உலர்ந்துதான் இருந்தன. முன்முனை போதுமான சூட்டைப் பார்த்தது, பின்முனை பார்க்கவில்லை. நம் அகராதியில் இரண்டுக்கும் ‘உலர்ந்தது’ என்ற ஒரே சொல்தான் இருந்தால், படிக்கும் ஐடிஐ மாணவருக்கு இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வோம்? முதல் தடவை நான் ஏமாந்தது மாதிரியே அவரும் ஏமாறுவார்.

என் முன்மொழிவு: சூட்டால் நடக்கும் ‘கியூரிங்’குக்கு ‘சுடுபதம்’. பெயிண்ட் தானாக அந்த நிலையை அடைந்தால் ‘பதமேறியது’. நாம் செய்தால் ‘பதமேற்றினோம்’. இன்னும் அடையாததற்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் சொல்வதையே எடுத்துக்கொண்டு ‘பச்சைப்பூச்சு’.

பச்சை என்பதற்கு எதிரே சுட்டது என்று வைப்பது தமிழுக்குப் புதிதல்ல. பசுமண் கலத்தில் ஊற்றி வைத்த நீரைக் குறள் 660 உவமையாகச் சொல்கிறது. அந்தக் கலம் வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தாலும் நீர் தங்காது, மண்ணும் கரையும். சூளையில் வெந்தால்தான் அது பானை. நம் மாவட்டத்து அழகன்குளத்தில், வைகை கடலில் கலக்கிற இடத்தருகே, தோண்டத் தோண்டப் பானை ஓடுகள் கிடைப்பதும் அது சுட்டது என்பதால்தான். சுட்ட மண்ணுக்குச் ‘சுடுமண்’ என்ற சொல் எல்லாருக்கும் பழகியிருக்கிறது. அந்த வரிசையில் சுடுபதம் இயல்பாக உட்காரும்.

‘பதம்’ ஏன் என்றால், சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுகிற இடத்தில் நின்று பாருங்கள். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, பதம் வந்த பிறகுதான் சிரட்டையில் ஊற்றுவார்கள். அதற்கு முன்னால் ஊற்றினால் கருப்பட்டி கட்டாது. எத்தனை நேரம் காய்ந்தது என்பது அங்கே கணக்கில்லை, பொருளே மாறிவிட்டதா என்பதுதான் கேள்வி. என் தின்னர் துணியும் அதைத்தான் கேட்டது.

இனி மடல்களில் வந்த மறுப்புகள்.

காரைக்குடி அக்கா எழுதியது:
> ‘பதப்படுத்தல்’ ஏற்கெனவே இருக்கிறதே, அதன் முன்னால் ‘வெப்ப’ சேர்த்தால் போதாதா?

அக்கா, பதப்படுத்தல் என்றதும் மீனும் தோலும்தான் நினைவுக்கு வருகின்றன. கெட்டுப்போகாமல் காப்பது என்ற பொருள் அதில் அழுத்தமாக ஏறிவிட்டது. இங்கே எதுவும் கெடப்போவதில்லை, இன்னும் ஆகாத ஒன்று ஆகிறது. ஆங்கிலம் மீனுக்கும் கான்கிரீட்டுக்கும் பெயிண்ட்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் அப்படி வைக்க வேண்டியதில்லை. கான்கிரீட்டுக்குத் தேவை தண்ணீர், இதற்குத் தேவை நெருப்பு. எந்திர மொழிபெயர்ப்பு இதையே ‘குணப்படுத்துதல்’ என்று போடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று தேடினால் அங்கேதான் போய் நிற்போம்.

கீழக்கரைத் தம்பி எழுதியது:
> சூடே இல்லாமல் இறுகும் பூச்சுகளை என்ன செய்வது? ஃபைபர் படகுக்கு ஹார்டனர் கலந்தாலே இறுகிவிடுகிறது.

மிகச் சரியான கேள்வி தம்பி, என் முதல் வரைவில் இதற்கு இடமே இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பூசியிருப்பது பாலிசிலாக்சேன். இதே சிலிக்கான்-ஆக்சிஜன் குடும்பம்தான், ஆனால் பாலத்தைச் சூளையில் வைக்க முடியாது, அது வெளிக்காற்றிலேயே இறுகும். ஆகவே பொதுச்சொல் ‘பதமேறல்’. சூட்டால் என்றால் ‘சுடுபதம்’, ஹார்டனர் கலந்து என்றால் ‘கலவைப்பதம்’. காற்றின் ஈரத்தால் இறுகுவதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. அதே வரிசையில் போனால் ‘ஈரப்பதம்’ என்று வரும், அதை வானிலை அறிக்கை எடுத்துக்கொண்டுவிட்டது. யாராவது யோசியுங்கள்.

‘சுடு’ என்றால் சுடுகாடு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சுடுநீரில் குளிக்கும்போது யாருக்கும் அந்த நினைவு வருவதில்லை.

பூச்சின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். ‘வெப்பத்தடைப் பூச்சு’ வேண்டாம். இது சூட்டைத் தடுப்பதில்லை, குழாய் அடித்த பிறகும் அதே அளவு சுடும். தடுக்கிற பீங்கான் பூச்சுகள் தனியாக உண்டு, விமான இன்ஜினின் சுழலித் தகடுகளுக்குப் பூசுவது மாதிரி. அந்தப் பெயர் அவற்றுக்கு இருக்கட்டும். இது ‘அனல்தாங்கு பூச்சு’.

பின்முனையை ஞாயிற்றுக்கிழமை கழற்றி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பிடிக்கப் போகிறேன். அதே தின்னர் துணியில் மறுபடி தேய்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். அதற்குள் ‘கலவைப்பதம்’ பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எனக்கே அதில் முழுத் திருப்தி இல்லை.