சைடிங் மாற்ற எவ்வளவு காலம் ஒதுக்குவது? ஒருவர் ஒரு வாரம் என்கிறார், இன்னொருவர் மூன்று மாதம் என்கிறார்

மாடிப்படி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது இரண்டு மாடி வீடு, மரச்சட்டம், வெளியே பழைய வினைல் சைடிங் (சுவரின் வெளிப்புறத்தை மூடும் பிளாஸ்டிக் பலகைகள்). மேற்குப் பக்கம் வெயில் பட்டு வெளுத்துப்போய், தட்டினால் உடைகிற நிலையில் இருக்கிறது. வடக்கில் பாசி. இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் இன்னும் சில வருடம் ஓட்டியிருப்பேன். ஆனால் ஒரு ஜன்னலுக்குக் கீழே மூலையில் கைவைத்து அழுத்தினால் பின்னால் பலகை மெத்தென்று அமுங்குகிறது. சரி, மாற்றிவிடுவோம் என்று இறங்கியாயிற்று.

குழப்பம் காலக்கணக்கில்தான். வந்து பார்த்த காண்ட்ராக்டர்களில் ஒருவர் ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார், இன்னொருவர் மூன்று மாதம் ஆகும் என்றார். இருவரும் பார்த்தது ஒரே வீட்டைத்தான்! இதில் இரண்டு ஜன்னல்களை வேறு மாற்ற வேண்டும், கூரைக்கும் வயதாகிவிட்டது (அது உடனடியாக இல்லை). அதற்குப் பதில் ஃபைபர் சிமெண்ட் (நார் கலந்த சிமெண்ட் பலகை) போடலாம் என்று ஒரு யோசனை, முடிவாகவில்லை. நான் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன், மதியம் தூங்குகிற சின்னக் குழந்தையும் இருக்கிறது.

எதை முதலில் தொடங்க வேண்டும், எந்தப் பருவத்தைக் குறி வைக்க வேண்டும், எங்கே கூடுதலாக நாள் விட்டுவைக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஆணிப்பெட்டி எழுதியது:

இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். முதலாமவர் சுத்தியல் சத்தம் கேட்கிற நாட்களை மட்டும் எண்ணுகிறார், இரண்டாமவர் நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ணுகிறார். நடுத்தர அளவு வீட்டில் பழையதைப் பிரித்துப் புதியதை அடிப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு வார வேலை. ஃபைபர் சிமெண்ட் என்றால் இன்னும் கொஞ்சம் இழுக்கும், எடை அதிகம், வெட்டுவதும் மெதுவாகத்தான் நடக்கும். மீதிக் காலமெல்லாம் முன்னால் போய்விடும்: கொட்டேஷன் வாங்குவது, நிறம் தேர்ந்தெடுப்பது, பெர்மிட் தேவைப்படும் இடமென்றால் அதற்கு விண்ணப்பிப்பது, குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டுமென்றால் அது, பொருள் வந்து சேர்வது, கடைசியாக காண்ட்ராக்டரின் வரிசையில் உங்கள் முறை வருவது.

இதில் ஆளை மடக்குவது ஜன்னல்தான். அளவெடுத்துச் செய்கிற ஜன்னல்கள் வர பல வாரம் பிடிக்கும். சைடிங்கை விட முதலில் ஆர்டர் செய்ய வேண்டியது அவற்றையே. ஜன்னல் பொருத்தி, அதைச் சுற்றி ஃப்ளாஷிங் நாடா (தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒட்டுநாடா) ஒட்டி, சைடிங்குக்குப் பின்னால் சுவரைச் சுற்றும் நீர்த்தடுப்பு உறையான ஹவுஸ் ராப்போடு சேர்த்த பிறகுதான் சைடிங் வர வேண்டும். மாற்றிச் செய்தால் புது சைடிங்கை வெட்டித்தான் ஜன்னலை உள்ளே நுழைக்க முடியும், அப்புறம் நீர்க்கசிவு எந்த வழியில் வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அந்த அமுங்குகிற மூலைக்கு வருகிறேன். காண்ட்ராக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே திறந்து பாருங்கள். வினைல் பலகைகள் ஒன்றோடொன்று கீழ்விளிம்பில் மாட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்க ஜிப் டூல் என்று ஒரு சின்னக் கொக்கிக் கருவி கிடைக்கும். மேல் பலகையின் அடிவிளிம்பில் அதைக் கொக்கிபோல் நுழைத்து, கீழே இழுத்தபடி பக்கவாட்டில் நகர்த்தினால் பலகை கழன்று வரும். வெயில் ஏறிய மதியத்தில் செய்யுங்கள், குளிரில் பழைய வினைல் நொறுங்கும். உள்ளே ஹவுஸ் ராப் இருந்தால் ஒரு சின்னக் கீறல் போட்டு, பின்னால் உள்ள பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஈரத்தில் கறுத்து, முனை தடையில்லாமல் உள்ளே போனால் அழுகல். அது எந்தத் திசையில் பரவியிருக்கிறது என்றும் பாருங்கள். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து நேர்கீழாகப் போனால் ஜன்னல் ஓரத்துக் கசிவு, தரையிலிருந்து மேலே ஏறியிருந்தால் கதை வேறு. பார்த்தபின் கீறலை ஃப்ளாஷிங் நாடாவால் ஒட்டி மூடிவிடுங்கள். எவ்வளவு பலகை மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்தால் நாட்களையும் பணத்தையும் சேர்த்தே கணக்குப் போடலாம்.

ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: அழுகிய பலகை ஒன்றை மாற்ற இவ்வளவு, சட்டமும் அழுகியிருந்தால் அடிக்கு இவ்வளவு என்று. சுவர் திறந்து கிடக்கும்போது பேரம் பேச உட்கார்ந்தால் உங்களுக்குக் கை கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.


குளிர்காற்று எழுதியது:

பருவம் பற்றி நான் சொல்கிறேன். "மழைக்கு முன்" என்று மட்டும் நினைக்காதீர்கள், குளிரையும் பாருங்கள். வினைல் வெப்பத்துக்கு நீண்டு குளிருக்குச் சுருங்கும். ஏறத்தாழ 12 அடி நீளப் பலகை ஒன்று கடுங்குளிருக்கும் கோடைக்கும் நடுவில் அரை அங்குலம்வரை நீளம் மாறும். அதனால்தான் ஆணியை இறுக அடிக்காமல் பலகை நகர்கிற மாதிரி விடுவதும், ஓரங்களில் கால் அங்குல இடைவெளி வைப்பதும். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலை செய்தால் அந்த இடைவெளியை அங்குலத்தில் எட்டில் மூன்று பங்காகக் கூட்டச் சொல்வார்கள். குளிரில் வேலையே நடக்காது என்பதில்லை, அவசரப்படுகிற ஆள் செய்தால் கோடையில் சுவர் அலை அலையாக நிற்கும், அவ்வளவுதான்.

ஃபைபர் சிமெண்டுக்குக் குளிரை விட ஈரம்தான் எதிரி. பலகைகள் வீட்டு வாசலில் வந்து இறங்கும் நாளிலிருந்து தரையில் படாமல், மேலே மூடி, காய்ந்தே இருக்க வேண்டும். நனைந்த பலகையை அடித்தால் பிறகு காயும்போது சுருங்கி, இணைப்புகளில் இடைவெளி தெரியும். ஆக, மழை பிடிக்கிற மாதத்தில் பொருளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் மாதிரி தெரியும், ஆனால் மூடிய கராஜ் இல்லையென்றால் வேண்டாம்.

பெயிண்டும் கால்க்கும் (இடுக்குகளை அடைக்கும் பசை) எந்த வெப்பத்தில் போடலாம் என்பது டப்பாவிலேயே இருக்கும். சாதாரண நீர்வகைப் பெயிண்டுக்கு 10 டிகிரிக்கு மேல் இருந்தால் நிம்மதி, சில வகைகள் அதற்குக் கீழேயும் தாங்கும். பகலில் மட்டுமல்ல, பூசிய இரவிலும் வெப்பம் அதற்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். ப்ரைமர் மட்டும் அடித்து வரும் ஃபைபர் சிமெண்ட் வாங்கினால் குறிப்பிட்ட காலத்துக்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும், 180 நாள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கெடு. இலையுதிர்காலத்தில் பலகை அடித்துவிட்டு "பெயிண்டை வசந்தத்தில் பார்த்துக்கலாம்" என்று விடுபவர்கள் இந்தக் கெடுவை எண்ணிப் பார்ப்பதேயில்லை. ஆலையிலேயே நிறம் ஏற்றி வருவதை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் அரிதான நிறம் கேட்டால் வந்து சேர நாளாகும்.

என் யோசனை, கோடை முடிந்து குளிர் தொடங்குவதற்கு நடுவில் வருகிற காய்ந்த வாரங்களைக் குறி வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எல்லோரும் அதைத்தான் குறி வைப்பார்கள் என்பதால் காண்ட்ராக்டரைப் பிடிப்பது அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே நடக்க வேண்டும்.


பாதிக்குப்பாதி எழுதியது:

ஏன் மொத்தமாகச் செய்ய வேண்டும்? இந்த வருடம் மேற்கும் வடக்கும், அடுத்த வருடம் மற்ற இரண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கைச்செலவும் பிரியும், காலநெருக்கடியும் குறையும். நான் அப்படித்தான் செய்தேன், வானம் இடிந்து விழவில்லை.


ஆணிப்பெட்டி எழுதியது:

@பாதிக்குப்பாதி செய்யலாம், தப்பில்லை. ஆனால் நீங்கள் வினைலை எடுத்து வினைலே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இவர் ஃபைபர் சிமெண்டுக்கு மாற யோசிக்கிறார், அதில் மூலைகள்தான் சிக்கல். மூலைப்பலகை இரண்டு சுவருக்கும் பொது. ஒரு சுவரை மட்டும் முடித்தால் மூலையைப் பாதியில் நிறுத்தி, ஹவுஸ் ராப்பை அடுத்த சுவரின் மேல் ஓரடியாவது திருப்பி மடித்து, தற்காலிகமாக மூடி வைக்க வேண்டும். அந்த மடிப்பு வெயிலில் கிடக்கக் கூடாது. ஹவுஸ் ராப் பலவற்றுக்குச் சூரிய ஒளி தாங்கும் கெடு சில மாதங்கள்தான், பரவலாகப் பயன்படும் ஒரு வகைக்கு நான்கு மாதம். அடுத்த வருடத்துக்குள் அந்த நிறமே தயாரிப்பில் இல்லாமல் போகலாம் என்பது தனி. பிரித்துத்தான் செய்வேன் என்றால் நான்கு சுவருக்கும் வேண்டிய பலகையை ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் காய்ந்த இடம் இருந்தால் மட்டும்.

வருடக்கணக்கில் பிரிப்பதற்கும் சுவர் சுவராகப் பிரிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். வீட்டைச் சுற்றி எல்லாவற்றையும் ஒரே நாளில் உரித்துப் போடுகிற குழுவை விட, இன்று உரித்த சுவரை இன்று மாலைக்குள் ஹவுஸ் ராப் சுற்றி மூடிவிட்டுப் போகிற குழு மேல். திடீர் மழைக்கு வேறு காப்பு கிடையாது.


பாதிக்குப்பாதி எழுதியது:

ஆமாம், வினைல்தான். மூலை விஷயம் ஒத்துக்கொள்கிறேன்.


நாலுமணிக்காப்பி எழுதியது:

யாரும் குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லையே! சுவரில் ஆணி அடிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்பது ஒரு பக்கம், அதிர்வு இன்னொரு பக்கம். உள்ளே மாட்டியிருக்கும் படங்கள், கண்ணாடி, அலமாரி மேல் இருப்பவை எல்லாவற்றையும் முதல் நாளே கீழே இறக்கிவிடுங்கள். எந்த நாள் எந்தச் சுவர் என்று குழுவின் மேஸ்திரியிடம் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள், அதற்கு எதிர்ப்பக்க அறையில் குழந்தையைத் தூங்க வைக்கலாம். உங்கள் அலுவலக மீட்டிங்குக்கு அந்த வாரம் வேறு இடம் பாருங்கள், அதில் சமாளிக்க வழியே இல்லை.

ஃபைபர் சிமெண்ட் வெட்டும் தூசியில் சிலிகா இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். வெட்டுகிற இடத்தை ஜன்னல்களிலிருந்து தள்ளி, காற்று வீட்டை விட்டு விலகிப் போகிற பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

இன்னொன்று, வீடு ரொம்பப் பழையது என்றால் வினைலுக்குக் கீழே இன்னொரு பழைய அடுக்கு ஒளிந்திருக்கலாம், அதில் அஸ்பெஸ்டாஸோ ஈயப் பெயிண்டோ இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-ல்தான். சந்தேகம் இருந்தால் உரிப்பதற்கு முன் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நடுவில் கண்டுபிடித்தால் வேலை அங்கேயே நின்றுவிடும், தகுதி பெற்ற வேறு குழு வரும்வரை சுவர் அப்படியே கிடக்கும்.


மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. @ஆணிப்பெட்டி சொன்னபடி அந்தக் கொக்கியை வாங்கித் திறந்து பார்த்தேன். கறுப்பு ஜன்னல் மூலையிலிருந்து நேராகக் கீழே இறங்கியிருக்கிறது, அகலம் ஒரு கை அளவு, தரைவரை போகவில்லை. ஆக, அந்த ஜன்னலும் மாற்றுகிற பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஜன்னல்களை இப்போதே ஆர்டர் செய்கிறேன், சைடிங்கை அடுத்த இலையுதிர்காலத்துக்குத் தள்ளுகிறேன், ஆலை நிறம்தான். அதுவரை அந்த ஜன்னல் மூலையை நாடா ஒட்டி மூடி வைத்தால் போதுமா? கூரை என்னாவது? அதை இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் மாற்ற முடியும். சைடிங்குக்குப் பிறகு கூரை என்றால் வரிசை கெட்டுவிடுமா?


ஆணிப்பெட்டி எழுதியது:

நாடா தற்காலிகம்தான், ஆனால் ஜன்னலின் மேல் ஓரத்திலும் பக்கங்களிலும் கால்க் பிளந்திருந்தால் அதையும் புதுப்பியுங்கள். கீழ் ஓரத்தை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற அதுதான் வழி. மழைக்குப் பின் ஒருமுறை மறுபடி திறந்து கறுப்பு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அந்த ஒரு ஜன்னலை மட்டும் இலையுதிர்காலத்துக்குக் காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

கூரைக்கு ஒரே கேள்வி: எங்காவது கூரை சுவரில் வந்து முட்டுகிறதா?


மாடிப்படி எழுதியது:

முட்டுகிறது. கராஜ் கூரையின் சரிவு இரண்டாம் மாடிச் சுவரோடு ஒட்டிப் போகிறது.


ஆணிப்பெட்டி எழுதியது:

அப்படியானால் அந்த ஒரு இடத்தில்தான் வரிசை முக்கியம். சரிவும் சுவரும் சேரும் இடத்தில் படிப்படியாக மடித்த தகரம் இருக்கும், ஸ்டெப் ஃப்ளாஷிங் என்பார்கள். அதன் ஒரு பாதி கூரை ஓடுகளுக்கு நடுவில், மறுபாதி சைடிங்குக்குப் பின்னால். கூரையைப் பிறகு மாற்றுகிறவர் அதைப் புதிதாகப் போட வேண்டுமென்றால் உங்கள் புது சைடிங்கின் கீழ் வரிசைகளைக் கழற்ற வேண்டியிருக்கும். வினைலைக் கழற்றி மாட்டலாம், ஃபைபர் சிமெண்டைக் கழற்றும்போது உடையும்.

இரண்டு வழி. கராஜ் கூரை சின்னதுதானே, அதை மட்டும் சைடிங்குக்கு முந்தைய வாரத்தில் மாற்றிவிடுங்கள், பெரிய கூரை பிறகு வரட்டும். முடியாவிட்டால், சுவர் திறந்திருக்கும்போதே அந்தச் சரிவு நெடுக ஸ்டெப் ஃப்ளாஷிங்கைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், கூரைக்காரர் பிறகு ஓடுகளை மட்டும் மாற்றிக்கொள்வார். எதுவானாலும் சரிவின் கீழ்க்கோடியில் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி மழைநீர் கட்டருக்குள் விடுகிற வளைந்த தகரத்துண்டு, கிக்கவுட் என்பார்கள், அது இருக்க வேண்டும். நிறைய வீடுகளில் அதை விட்டுவிடுவார்கள், அதற்குக் கீழே உள்ள சுவர்தான் முதலில் அழுகும். சைடிங்கும் கூரைப்பரப்பில் படக் கூடாது, ஃபைபர் சிமெண்டுக்குப் பெரும்பாலும் இரண்டு அங்குலம் விடச் சொல்வார்கள்.

கொட்டேஷன் கேட்கும்போதே கராஜ் கூரையைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு ஆள் கிடைக்கும் வாரம்தான் உங்கள் மொத்தக் கணக்கின் தொடக்கம், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.