தாழ்பறப்பா, தாழ்வெல்லையா? தரையிறங்கும் விமானத்துக்கான எச்சரிக்கைச் சொல்

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். விமானம் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே போகும்போது தரைக் கணினி எழுப்பும் எச்சரிக்கையை (Minimum Safe Altitude Warning) தமிழில் ‘குறைந்தபட்சப் பாதுகாப்பு உயர எச்சரிக்கை’ என்போம் என்ற முன்மொழிவு எனக்குச் சரிவரவில்லை. வாசிக்கிறவர் முதலிரண்டு சொற்களையும் சேர்த்துத்தான் படிப்பார். பாதுகாப்பு ஆகக்குறைவாக உள்ள உயரம் என்று பொருள் தலைகீழாகிவிடும். சொல் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: உயரம் எங்கிருந்து அளந்தது, எச்சரிக்கை யாருக்கு?

இரணைமடுவில் தண்ணீர் 36 அடி என்றால் இங்கே யாரும் கடல்மட்டத்தை நினைப்பதில்லை; அது குளத்து அளவுகோலின் அடி. விமானத்தின் ‘3000 அடி’க்கோ அளவு தொடங்கும் இடங்கள் மூன்று உண்டு: ஓடுபாதை, சராசரிக் கடல்மட்டம், 1013.25 ஹெக்டோபஸ்கால் என்ற நியம அமுக்கத் தளம். மூன்றையும் ‘உயரம்’ என்றே எழுதிவருகிறோம். கட்டுநாயக்க ஓடுபாதை கடல்மட்டத்துக்குச் சுமார் 30 அடிதான் மேலே என்பதால் முதலிரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து, குழப்பம் மறைந்துகிடக்கிறது. முறையே தரையுயரம், குத்துயரம், பறப்புமட்டம் என்று பிரிக்கலாம். குத்துயரம் எங்கள் பள்ளிப் புவியியலில் ஏற்கெனவே புழங்கும் சொல், புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பறப்புமட்டம் நூறடிக் கணக்கு. பறப்புமட்டம் 150 என்றால் நியம அமுக்கத் தளத்திலிருந்து 15,000 அடி.

உயரமானி உண்மையில் ஓர் அமுக்கமானி. கடல்மட்டத்தை அண்டி ஒரு ஹெக்டோபஸ்கால் என்பது ஏறக்குறைய 28 அடி. கார்த்திகை மார்கழியில் முல்லைத்தீவுக்குக் கிழக்கே தாழமுக்கம் வந்து கடல்மட்ட அமுக்கம் 1003 ஆகிவிட்டது என்று வைப்போம். 1013இலேயே விட்ட உயரமானி 3000 என்று காட்டும்போது விமானம் சுமார் 2720 அடியில்தான் நிற்கும். விமானி திருத்தி வைக்கும் இந்த எண்ணைக் கியூஎன்எச் என்கிறார்கள். அது பழைய தந்திக் குறியீடு, எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அல்ல. எழுத்துக்கு எழுத்து விரித்து மொழிபெயர்க்க முயல்வது வீண்வேலை. ‘கடலமுக்கம்’ போதும்.

2022 மே 23இல் பாரிஸ் சார்ல் து கோல் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். கடலமுக்கம் 1001. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 1011 என்றார். ஓடுபாதையின் வழிகாட்டும் வானலைக் கற்றை சேவையில் இல்லாததால், இறங்குபாதையை உயரமானியை வைத்தே கணக்கிடும் முறையில் ஒரு ஏ320 விமானம் வந்துகொண்டிருந்தது. பத்து எண் பிசகியதால் பாதை முழுவதும் 280 அடி கீழே சரிந்துவிட்டது. சரிவு சரி, இறங்கும் வேகமும் சரி. விமானிக்கு எதுவும் பிழையாகப் படவில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாததால் மேலெழுந்தார். அதற்குள் தரையுயரம் 6 அடி வரை போய்விட்டது.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எச்சரிக்கை ஒலித்தது. விமானி பிழையான எண்ணை வைத்திருந்தும் அது எப்படி ஒலித்தது? தரை ராடாருக்குப் பதில் சொல்லும் விமானக் கருவியான பதிலனுப்பி எப்போதும் 1013.25ஐ அடிப்படையாகக் கொண்ட உயரத்தையே கீழே அனுப்பும். தரைக் கணினி தன்னிடமுள்ள கடலமுக்கத்தால் அதைத் திருத்தி, நிலப்படத்தோடு ஒப்பிடும். ஆகவே இது கட்டுப்பாட்டாளரின் திரையில் வருவது. விமானி அறையில் ஒலிப்பது வேறு கருவி. இரண்டையும் செய்தித்தாள்கள் ‘தரைமோதல் எச்சரிக்கை’ என்று ஒரே சாக்கில் போடுகின்றன. உள்ளே ஒலிப்பதைத் ‘தரையணுகல் எச்சரிக்கை’ என்றும், கோபுரத்தில் ஒலிப்பதைத் ‘தாழ்பறப்பு எச்சரிக்கை’ என்றும் வைப்போமா?

முல்லைத்தீவிலிருந்து:

முதலாவது சரி. ‘தாழ்பறப்பு’ வேண்டாம் ஐயா. பதுங்குகுழி கண்ட ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. அதை விட்டாலும், தாழப் பறப்பது விரும்பிச் செய்கிற காரியம். வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானமும் தாழத்தான் பறக்கும். இந்த எச்சரிக்கை சொல்வது எல்லைக்குக் கீழே போனதை. ‘தாழ்வெல்லை எச்சரிக்கை’ என்போம். தரையிறங்கும் விமானிக்கான வரைபடத்தில் 25 கடல்மைல் வட்டத்துக்குள், ஆக உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 1000 அடி விட்டு ஓர் எண் குறித்திருப்பார்களே, அதற்கும் ‘தாழ்வெல்லை’ பொருந்தும். வன்னியில் அந்த எண்ணைத் தீர்மானிப்பது தொலைத்தொடர்புக் கோபுரங்கள். பிதுருதலாகலை 8281 அடி நிற்கும் மலைநாட்டில் கதை வேறு. 1974 டிசெம்பர் 4இல் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதிய டிசி-8இல் 191 பேர் இறந்தார்கள். தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்து, விமானநிலையம் கிட்டிவிட்டது என்று எண்ணி இறங்கியதன் விளைவு அது.

கிளிநொச்சியிலிருந்து:

‘தாழ்வெல்லை எச்சரிக்கை’யை ஏற்கிறேன். வரைபட எண்ணுக்கு மட்டும் அதே சொல்லை வைக்கவேண்டாம். கணினியின் எல்லையும் அச்சிட்ட எண்ணும் ஒன்றல்ல. அச்சிட்டதை ‘ஆகக்குறைந்த வலயக் குத்துயரம்’ என்றே எழுதலாம், நீளம் என்றாலும். கணினியின் எல்லையை ஆட்கள் மாற்றவும் முடியும். ஓடுபாதையை ஒட்டி அதை அடக்கி வைக்காவிட்டால் தரையிறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் மணி அடிக்கும். பசிபிக் தீவான குவாமில் தேவையற்ற மணியைக் குறைக்கப்போய் 54 கடல்மைல் வரை அடக்கி வைத்திருந்தார்கள். 1997 ஒகஸ்ட் 6இல் கொரியன் எயார் 801 குன்றில் மோதி 228 பேர் இறந்தபோது கட்டுப்பாட்டாளருக்கு மணி அடிக்கவில்லை.

இன்னொன்று. தரையிறங்க வரும் விமானிக்குக் குறித்துக்கொடுக்கும் உயரங்களில் ‘தீர்மானக் குத்துயரம்’ வேறு, ‘இறங்கெல்லை’ வேறு. முன்னதில் ஓடுபாதை தெரியாவிட்டால் உடனே மேலெழத் தொடங்கவேண்டும். எழும்போது விமானம் சில அடி கீழே அமிழ்வது கணக்கில் சேர்ந்ததே. பின்னதில் ஓடுபாதை தெரியாமல் ஓரடிகூடக் கீழே போகக்கூடாது. ஆகவே இவ்விரண்டில் ‘எல்லை’ பின்னதற்கு மட்டும்.

வானலையில் தமிழ் பேசப்போவதில்லை என்பது தெரியும். பாடநூலுக்கும் விபத்துச் செய்திக்கும்தான் இது. ஆனாலும் சர்வதேச நியம வாசகத்தின் வரிசையைப் பதிவில் காட்டுவோம்: “தாழ்வெல்லை எச்சரிக்கை. குத்துயரத்தை உடனே சரிபாருங்கள். கடலமுக்கம் 1001.” கடைசி எண்ணை விட்டுவிட வேண்டாம்.