கண்ணாடி இல்லாத நைட்ரஜன் லேசர்: லேசரா, வெறும் தீப்பொறியா?

வயலட்கதிர்:
பழையமீட்டர் ஐயா நேற்று எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "இரு முனையிலும் எதிரொளிக்கும் கண்ணாடி இல்லாமல் வீட்டில் செய்யும் நைட்ரஜன் லேசர் வெறும் தீப்பொறி, அதை லேசர் என்று சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள்" என்கிறார். அலுமினியத் தாளையும் ஒரே ஒரு ஓஎச்பி ஷீட்டையும் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அடுக்கி மின்னேற்றம் தேக்கும் மின்தேக்கியாக்கி, இரண்டு எல் ஆங்கிள்களை (எல் வடிவ உலோகப் பட்டைகள்) எதிரெதிரே வைத்து, சாதாரணக் காற்றிலேயே 337.1 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கற்றையை எடுத்தவர்கள் உலகெங்கும் இருக்கும்போது, அவர்கள் உழைப்பை ஒரே வரியில் தள்ளிவிடுவது எந்த ஊர் நியாயம்? வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரஜனின் ஒளிப்பெருக்கம் நிலைப்பதே ஓரிரு நானோநொடிதான் (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஒரு நானோநொடியில் ஒளி கடப்பது 30 சென்டிமீட்டர். எல் ஆங்கிள்களின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால், ஒளி ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. கண்ணாடிகளுக்கு இடையே பலமுறை போய்வர நேரம் எங்கே இருக்கிறது? பெருக்கம் மிக வலுவானது என்பதால் ஒரே ஓட்டத்தில் கற்றை உருவாகிவிடுகிறது.

பழையமீட்டர்:
லேசர் என்றால் கண்ணாடி வேண்டும். ஹீலியம்-நியான் லேசர்க் குழாய்களைச் சரிசெய்தே என் பணிக்காலம் போனது. அவற்றில் ஒரு கண்ணாடி இம்மி பிசகினாலும் கற்றை அணைந்துவிடும். உங்கள் பலகையில் இரண்டு உலோக விளிம்புகளுக்கு நடுவே பொறி பறக்கிறது, பொறியில் புற ஊதா இருக்கிறது, அது பட்டு வெள்ளைத் தாள் நீலமாக ஒளிர்கிறது. வெல்டிங் பட்டறையிலும் இதேதான் நடக்கிறது. அங்கே யாரும் லேசர் கண்டுபிடித்துவிட்டதாகத் தம்பட்டம் அடிப்பதில்லை.

வயலட்கதிர்:
வெல்டிங் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். இது இடைவெளியின் இரு முனைகளிலிருந்து மட்டும் நேராகக் கிளம்பி, எதிர்ச்சுவரில் ஒட்டிய தாளில் புள்ளியாக விழுகிறது. எல் ஆங்கிள் விளிம்புகளை உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்து, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இயக்குங்கள். ஒரே இடத்தில் வெள்ளையாகப் பொறி வெடித்தால் தாளில் ஒன்றும் தெரியாது. நீளம் முழுவதும் ஊதா நிறத்தில் மெல்லிய இழைகளாகப் பரவும்போதுதான் புள்ளி தோன்றும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, மின்னேற்றத்தை முழுவதும் இறக்கி, ஒரு விளிம்பை மயிரிழை அளவு கோணலாக்கி மறுபடி இயக்கிப் பாருங்கள். பொறி முன்போலவே பறந்தாலும் புள்ளி மங்கிவிடும், சில சமயம் மறைந்தே போகும். வெறும் பொறியின் ஒளி என்றால் அது ஏன் மறைய வேண்டும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சுருள்கம்பி:
கண்ணாடிச் சண்டை இருக்கட்டும். ஏறத்தாழ பத்தாயிரம் வோல்ட்டில் ஏறி நிற்கும் அலுமினியத் தாளைப் பற்றிப் பேசும்போது, பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் வேண்டாமா? மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி மாட்டலாமா என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அது ஆளையே கொன்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத கற்றை என்பதால் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அருகில் நிற்கவும் கூடாது.

பழையமீட்டர்:
சுருள்கம்பி நடுவராக வர வேண்டிய அவசியமில்லை. டெஸ்லா சுருள் விவாதத்திலும் இவர் இப்படித்தான் பாதுகாப்பு என்று நுழைந்து எதிர்த்தரப்புக்குத் துணை நின்றார். அதை நான் மறக்கவில்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது: கண்ணாடி எங்கே? பின்முனையில் ஒரு கண்ணாடி வைத்தால் முன்பக்க ஒளி கூடும் என்று சென்ற மாதம் எழுதியவர் இதே வயலட்கதிர்தான். கண்ணாடி தேவையில்லை என்றால் அதை ஏன் வைக்கச் சொன்னார்?

வயலட்கதிர்:
கூடும் என்று எழுதினேன். வேண்டும் என்று எழுதவில்லை. பின்முனையை ஒட்டி, முன்பக்கத்தில் அலுமினியம் பூசிய கண்ணாடியை வைத்தால், அந்தப் பக்கம் வீணாகப் போகும் ஒளி பெருக்கம் அடங்குவதற்குள் திரும்பி வந்து முன்பக்கக் கற்றையோடு சேர்கிறது. அதையே இரண்டு அடி தள்ளி வைத்தால், போய்வரவே நான்கு நானோநொடி ஆகிவிடும், பயனில்லை. ஹீலியம்-நியானை இதோடு ஒப்பிடுவதே பிழை. அதில் ஒருமுறை கடக்கும்போது கிடைக்கும் பெருக்கம் மிகச் சொற்பம், அதனால் கண்ணாடி இல்லாமல் நடக்காது. நைட்ரஜனிலோ, ஒளியை உமிழ்ந்த மூலக்கூறுகள் கீழ் ஆற்றல் நிலையில் மைக்ரோநொடிக் கணக்கில் (ஒரு மைக்ரோநொடி ஆயிரம் நானோநொடி) தேங்கிவிடுவதால், லேசர் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. 1963-இலேயே ஹியர்ட் என்பவர் நைட்ரஜன் லேசரை இயக்கிக் காட்டினார்; 1974 ஜூன் மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஆர்வலர்கள் செய்துகொள்வதற்கான வடிவமே வந்துவிட்டது. இத்தனை காலம் கழித்தும் வெல்டிங் பட்டறையைக் காட்டுகிறீர்களே ஐயா!

பழையமீட்டர்:
ஆண்டுக்கணக்கை அடுக்கினால் கண்ணாடி முளைத்துவிடாது. அந்தக் காலத்து நைட்ரஜன் லேசர்களில் வெற்றிட பம்பு இருந்தது, குறைந்த அழுத்தம் இருந்தது. உங்களிடம் இருப்பது வீட்டுக் காற்று.

வயலட்கதிர்:
அந்த வீட்டுக் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆக்சிஜன் கொஞ்சம் கெடுக்கும், ஒளி குறையும், ஆனால் கற்றை வரும். குறைந்த அழுத்தத்தில் மூலக்கூறுகளின் மேல் ஆற்றல் நிலை 40 நானோநொடி வரை தாங்குவதால் மின்சுற்று மெதுவாக இருந்தாலும் போதும். காற்றிலோ அது மிக விரைவாக இருக்க வேண்டும். அதனால்தான் மின்தேக்கித் தாள்களை எல் ஆங்கிளோடு நேரடியாக ஒட்ட வைத்து, இடையில் ஒரு துண்டுக் கம்பிகூட இல்லாமல் அமைக்கிறோம். இது கம்பி இழுத்துப் பொறி விடும் வேலையைவிடக் கடினமானது. இதைச் செய்து முடித்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொன்னதை ஐயா திரும்பப் பெற வேண்டும்.

பழையமீட்டர்:
எதையும் திரும்பப் பெறப் போவதில்லை. இரண்டு கண்ணாடி வைத்துக் காட்டுங்கள், பேசுவோம்.

சுருள்கம்பி:
ஓஎச்பி ஷீட் ஒன்று போதும் என்று வயலட்கதிர் எழுதியிருப்பதும் தவறு. அலுமினியத் தாளின் மூலையில் ஒரு சுருக்கம் விழுந்தாலே அங்கே ஷீட் பொத்துப் போகிறது. இரண்டு ஷீட் போட வேண்டும்.

வயலட்கதிர்:
இரண்டு போட்டால் மின்தேக்கத் திறன் பாதியாகிவிடும், நடுவில் காற்றும் சிக்கும். மூலைகளை வளைவாக வெட்டி, ஷீட்டை நாலாபக்கமும் அகலமாக வெளியே விட்டால் ஒன்றே தாங்கும். அதற்கும் பழையமீட்டர் கண்ணாடி கேட்பார் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.