தோத்தவர் பேரோட ஆட்டத்தைக் குழுவுல போடலாமா?

அரூர்_வாத்தியார் · காலை 6:48
நேத்து ராத்திரி நானும் தொப்பூர்_குதிரை தம்பியும் லிச்செஸ்ங்கற இலவச செஸ் தளத்துல பத்து நிமிஷ ஆட்டம் ஒண்ணு ஆடினோம். நான் கருப்பு. தோத்தேன், அதுல எனக்கு வருத்தம் இல்லை. காலையில எழுந்து பார்த்தா நம்ம தர்மபுரி–கிருஷ்ணகிரி செஸ் குழுவுல அந்த ஆட்டத்தோட லிங்க், மேல "வாத்தியாருக்கு ஒரு பாடம்"னு தலைப்பு. என் ஸ்கூல் பசங்க நாலஞ்சு பேர் இந்தக் குழுவுல இருக்காங்க. ஆட்டம்னா ரெண்டு பேர் சேர்ந்ததுதானே? ஒருத்தரை ஒரு வார்த்தை கேட்காம இன்னொருத்தர் தண்டோரா போடறது என்ன பழக்கம்? எல்லாரும் சொல்லுங்க.

தொப்பூர்_குதிரை · காலை 7:05
சார், தலைப்பு விளையாட்டுக்கு வெச்சது, உறுத்துதுன்னா மாத்திடறேன். லிங்க்கை எடுக்க மாட்டேன். லிச்செஸ்ல ஆடற ரேட்டிங் ஆட்டம், அதாவது ஜெயிச்சா தோத்தா புள்ளி ஏறி இறங்கற ஆட்டம், எல்லாமே பொதுவுலதான் இருக்கு. உங்க ஐடியை அமுக்கினா யார் வேணும்னாலும் பார்க்கலாம். 2013 ஜனவரியிலேருந்து ஆடின ரேட்டிங் ஆட்டங்களை மாசவாரியா மூட்டை கட்டி, எந்த உரிமையும் கொண்டாடாம, வேணுங்கறவங்க இறக்கிக்கலாம்னு வெச்சிருக்காங்க. நம்ம ஆட்டமும் அதுல போய்ச் சேரும். நான் போட்டாத்தான் வெளிய தெரியுமா?

அரூர்_வாத்தியார் · காலை 7:11
என் நிலத்து வில்லங்கச் சான்றையும் யார் வேணும்னாலும் எடுக்கலாம் தம்பி. அதுக்காக அதைக் கொண்டுபோய் தர்மபுரி நாலு ரோட்டுல ஒட்டுவியா?

கிருஷ்ணகிரி_வக்கீல் · காலை 7:30
சட்டப்படி தம்பி சொல்றதுதான் சரி. 2016-ல கார்ல்சன், கர்யாகின் உலக சாம்பியன்ஷிப் நியூயார்க்குல நடந்தப்ப, நடத்தின கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. ஆட்டம் நடக்கும்போதே மூவ்களை வேற இணையதளங்கள் போடக் கூடாதுன்னு கேட்டாங்க. தடை கிடைக்கலை. எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போச்சுங்கறது நடந்த சேதி, அதுக்கு யாரும் பட்டா போட முடியாது. உலக சாம்பியன் ஆட்டத்துக்கே அந்த நிலைமை.

அரூர்_வாத்தியார் · காலை 7:36
வக்கீல் சார், நான் கேஸ் போட வரலை. மூவ் ஊருக்குப் பொது, சரி. என் பேரும் பொதுவா? அதுக்கு மேல ஒரு நக்கல் வேற.

பாலக்கோடு_ராபிட் · காலை 7:38
வில்லங்கச் சான்றுன்னு ஒரு வார்த்தை விழுந்துச்சு, வக்கீல் வந்துட்டாரு. ஃபீஸ் யார் தர்றது?

ஓசூர்_செகண்ட்ஷிஃப்ட் · காலை 9:20
நான் தம்பி பக்கம், ஆனா காரணம் வேற. கிருஷ்ணகிரியிலேருந்து சிப்காட்டுக்கு கம்பெனி பஸ்ல போறப்ப நம்ம குழு ஆட்டங்களைத்தான் பார்த்துட்டே போவேன். கார்ல்சன் ஆட்டத்துல எனக்குப் புரியறது ரொம்பக் கம்மி. அவர் ஆடாம விட்ட மூவ்லதான் விஷயமே இருக்கும், அதை ஏன் விட்டாருன்னு சொல்ல நமக்குப் பக்கத்துல ஆள் கிடையாது. 1400, 1500 ரேட்டிங் ஆளுங்க ஆட்டத்துல தப்பு பளிச்சுனு தெரியும். அதே தப்பைத்தான் நானும் நாளைக்கு செய்யப்போறேன். அதனால தோத்த ஆட்டம் கண்டிப்பா வெளிய வரணும்.

ஆனா வெறும் லிங்க்கைத் தூக்கிப் போட்டா யாருக்கு என்ன லாபம்? இங்கே வர்றதுல முக்கால்வாசி, ஜெயிச்சவங்க போடற லிங்க். அதுவும் எதிராளி ராணியைச் சும்மா விட்ட ஆட்டம். திறந்தா ஒண்ணும் இருக்காது. வாத்தியார் சார், கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. ஒன்பதாவது மூவ்ல குதிரையால சி2-ல வெட்டினீங்களே, அப்ப மனசுல என்ன ஓடுச்சு? எனக்குத் தெரிஞ்சுக்க வேண்டியது அதுதான்.

அரூர்_வாத்தியார் · காலை 10:02
கேட்டதால சொல்றேன். லிங்க்கைத் திறக்காதவங்களுக்காக மொதல்லேருந்து. எழுத்தும் நம்பரும் சேர்ந்தா பலகையில ஒரு கட்டத்தோட பேர்.

ஈ4 ஈ5. குதிரை எஃப்3, குதிரை சி6. மந்திரி சி4, குதிரை எஃப்6. குதிரை ஜி5, நான் டி5. அவன் சிப்பாயால வெட்டினான், நான் குதிரையால திருப்பி வெட்டினேன். ஆறாவதுல குதிரையை எஃப்7-ல பலி குடுத்தான், ராஜாவால எடுத்தேன். ராணி எஃப்3 செக், ராஜா ஈ6. எட்டாவதுல இன்னொரு குதிரையை சி3-க்குக் கொண்டாந்தான்.

இப்ப டி5-ல நிக்கற என் குதிரை மேல அவனோட மந்திரி, ராணி, குதிரை மூணும் குறி வெச்சிருக்கு. பின்னால ராஜா நிக்கறதால அது நகரவும் முடியாது. முட்டுக் குடுக்கறதுக்காக சி6 குதிரையை பி4-க்குக் கொண்டுபோனேன். அங்கேருந்து சி2-க்கும் ஒரு மிரட்டல். அவன் ஏ3. சி2-ல வெட்டினா ராஜாவுக்குச் செக், கூடவே ஏ1 யானைக்கும் அடி. நான் போட்ட கணக்கு இது: அவன் ஏற்கெனவே ஒரு குதிரையைக் குடுத்துட்டு ஒரு சிப்பாய்தான் வாங்கியிருக்கான், யானையும் போச்சுன்னா தாக்க ஆள் ஏது? வெட்டினேன். ராஜா டி1. யானையை எடுத்தேன். பதினொண்ணாவதுல அவன் குதிரை டி5-ல வெட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தக் குதிரை எங்கே நகர்ந்தாலும் பின்னால இருக்கற மந்திரியோட செக் என் ராஜாவுக்கு. என் ராணி, ரெண்டு யானை, ரெண்டு மந்திரி எல்லாம் புறப்பட்ட கட்டத்துலயே உட்கார்ந்திருக்கு. வேலை செய்யற ஒரே காய் குதிரை, அது ஏ1 மூலையில மாட்டிக்கிச்சு.

பாலக்கோடு_ராபிட் · காலை 10:15
இதுக்கு முன்னாடி அந்த லிங்க்கைத் திறந்து பதினஞ்சு செகண்ட்ல மூடிட்டேன். இப்பத்தான் ஆட்டம் கண்ணுல தெரியுது.

தொப்பூர்_குதிரை · காலை 10:21
சார், பத்தாவதுல யானையை விட்டுட்டு குதிரையை டி4-க்குத் திருப்பியிருந்தா என் ராணி மேல அடி விழுந்திருக்கும். மூவ்களை அலசற கம்ப்யூட்டர் புரோகிராம், அந்த என்ஜினும் அதைத்தான் சொல்லுது. யானையை எடுத்த மூவுக்கு ரெண்டு கேள்விக்குறி, பெரிய தப்புன்னு அர்த்தம்.

பாலக்கோடு_ராபிட் · காலை 10:23
என்ஜின் கிடக்கட்டும். நீ ஏ3 ஏன் ஆடினே?

தொப்பூர்_குதிரை · காலை 10:24
அது லைன் அண்ணா, ஏற்கெனவே படிச்சு வெச்ச மூவ் வரிசை. குதிரை பி4-க்கு வந்தா ஏ3-ன்னு வீடியோல இருந்துச்சு.

பாலக்கோடு_ராபிட் · காலை 10:25
சரி, டி4-க்குத் திரும்பியிருந்தா?

தொப்பூர்_குதிரை · காலை 10:31
மந்திரி டி5-ல வெட்டி செக், ராஜா டி6, ராணி எஃப்7. வீடியோ அதோட முடிஞ்சுது.

அரூர்_வாத்தியார் · காலை 10:40
எஃப்7-ல குதிரையைப் பலி குடுக்கற இந்தத் தாக்குதல் இத்தாலிக்காரர் போலேரியோ காலத்துது, நானூறு வருஷம் பழசு. அஞ்சாவதுல டி5-ஐ எடுக்காம குதிரையை ஏ5-க்கு ஓட்டினா இந்த வம்பே இல்லைன்னு எனக்கும் தெரியும், நேத்து எடுத்துப் பார்க்கலாம்னு தோணுச்சு. ஆக, ஒவ்வொரு மூவையும் யோசிச்சு ஆடினது நான், மனப்பாடத்தை ஒப்பிச்சது நீ. பாடம் மட்டும் எனக்கா?

தொப்பூர்_குதிரை · காலை 10:44
வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணச் சொல்ற கணக்கு வாத்தியாரே இப்படிக் கேட்டா எப்படி சார்? தெரிஞ்சு வெச்சிருந்தேன், ஜெயிச்சேன். என் மூவ் எவ்வளவு சரின்னு என்ஜின் போடற மார்க், 96% அக்யூரசி.

ஊத்தங்கரை_புல்லட் · காலை 11:10
96-ஆ? 1500 ரேட்டிங்ல 96 வருதா? எனக்கென்னவோ டவுட்டா இருக்கு. பக்கத்துல இன்னொரு போன் வெச்சிருந்தியா தம்பி?

அட்மின் · காலை 11:14
ஊத்தங்கரை அண்ணா, இந்தப் பேச்சு இங்கே வேணாம். சந்தேகம்னா அந்த ஐடி பக்கத்துல ரிப்போர்ட் பட்டன் இருக்கு. பார்க்கறதுக்குன்னு அங்கே ஆள் இருக்காங்க. பொதுவுல ஒருத்தர் மேல சேறு பூசினா, அப்புறம் இல்லைன்னு ஆனாலும் கறை போகாது. 2021-ல கொரோனா நிதிக்காக ஆனந்த் பிரபலங்களோட ஆடினப்ப, கம்ப்யூட்டர் உதவியோட அவரை ஜெயிச்ச தொழிலதிபர் மறுநாளே தானா ஒத்துக்கிட்டார். அந்த மாதிரி ஆட்டம் இருக்குங்கறது நிஜம். அதுக்காக ஒரு சதவீத நம்பரை வெச்சு முடிவு கட்டக் கூடாது.

இந்த 96-ல மாயம் ஒண்ணும் கிடையாது. ஆட்டம் சின்னது, பாதி மூவ் மனப்பாடம். மீதி, எதிராளி ராஜா நடுவுல நிக்கறப்ப யாருக்கும் கண்ணுல படற மூவ். நாற்பது மூவ் தள்ளாடி டிரா பண்ணின ஆட்டத்துக்கு 80-தான் வரும், ஆனா அதுல உழைப்பு ஜாஸ்தி. செஸ் டாட் காம்ல பிரமாதமான மூவ்னு பாராட்டிக் குடுக்கற ரெட்டை ஆச்சரியக்குறியும் இப்படித்தான். புது ஆட்டக்காரங்களுக்கு அதைக் கொஞ்சம் தாராளமாவே குடுக்கறாங்க. லிச்செஸ்ல அந்தப் பாராட்டே கிடையாது, பிசகு, தப்பு, பெரிய தப்புன்னு மூணே தரம். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

ஓசூர்_செகண்ட்ஷிஃப்ட் · மதியம் 12:30
நான் கேக்கறது ஒண்ணுதான். ஆட்டம் போடறவங்க என்ஜினைத் தட்டறதுக்கு முன்னாடி எங்கே என்ன நினைச்சோம்னு ரெண்டு வரி எழுதிட்டுப் போடுங்க. குகேஷையே அவங்க கோச் விஷ்ணு பிரசன்னா ஆரம்பத்துல என்ஜின் பக்கம் விடலைன்னு நாமெல்லாம் படிச்சிருக்கோம். அவர் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரனை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆயிட்டார்.

பாப்பிரெட்டிப்பட்டி_யானை · மதியம் 12:52
அண்ணா, குகேஷுக்கு என்ஜின் இல்லைன்னா பக்கத்துல ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்தாரு. பாப்பிரெட்டிப்பட்டியில எனக்கு யார் இருக்கா? வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு ஆடறேன், தோக்கறேன், ஏன்னு கேக்க ஸ்டாக்ஃபிஷ் என்ஜின்தான் இருக்கு. காசும் கேக்காது. சென்னைப் பசங்களுக்கு கோச்சிங் சென்டர் இருக்கு. அவங்களுக்குச் சொல்ற அறிவுரையை எடுத்து நமக்குச் சொல்லாதீங்க.

ஓசூர்_செகண்ட்ஷிஃப்ட் · மதியம் 1:04
என்ஜின் வேணாம்னு நான் சொல்லலையே. ரெண்டாவதா பாருங்கன்னுதான் சொன்னேன். டி4 நல்ல மூவ்னு அது சொல்லும். வாத்தியார் ஏன் யானைக்கு ஆசைப்பட்டாருன்னு அதுக்குத் தெரியாது.

பாப்பிரெட்டிப்பட்டி_யானை · மதியம் 1:09
எழுதத் தெரிஞ்சவங்களுக்கு அது சுலபம். எனக்கு மூவ் வரும், வரி வராது. எழுதலைன்னா ஆட்டமே போடக் கூடாதுன்னு ஆக்கிடாதீங்க.

காவேரிப்பட்டணம்_அம்மா · மதியம் 2:15
நீங்கள்லாம் பெரியவங்க, கேலி பண்ணினா ரெண்டு நாள்ல மறந்துடுவீங்க. என் பொண்ணு ஆறாவது படிக்கறா. 2022-ல மாமல்லபுரம் ஒலிம்பியாட் நடந்தப்ப அதோட சின்னமான 'தம்பி' குதிரை பொம்மையைப் பார்த்துட்டு ஆட ஆரம்பிச்சவ. அவ தோத்த ஆட்டம் ஒண்ணை யாரோ இன்னொரு குழுவுல ஐடியோட போட்டாங்க. அன்னிக்கு சாயந்திரத்துலேருந்து அவளுக்கு முகம் தெரியாத ஆளுங்ககிட்டேருந்து "ஆட வர்றியா"ன்னு மெசேஜ். பொதுவுல கிடக்கறது வேற, இந்த ஐடி ஒரு சின்னப் பொண்ணோடதுன்னு ஊருக்குக் காட்டிக் குடுக்கறது வேற. அப்புறம்தான் லிச்செஸ்ல குழந்தைங்களுக்குன்னு கிட் மோடுன்னு ஒரு செட்டிங் இருக்கறதே தெரிஞ்சுது, போட்டதும் மெசேஜ் எல்லாம் நின்னுடுச்சு. குழந்தைங்க இருக்கற வீட்டுல மொதல்ல அதைப் போடுங்க.

கிருஷ்ணகிரி_வக்கீல் · மதியம் 2:31
அம்மா சொல்றதை ஏத்துக்கறேன். மைனர் ஐடி எந்தக் காரணத்துக்கும் வெளிய போகக் கூடாது. பெரியவங்க விஷயத்துல நான் முதல்ல சொன்னதுதான்.

பாலக்கோடு_ராபிட் · மாலை 4:40
பேரை விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. போன வாரம் ஒருத்தர் படம் பிடிச்சுப் போட்டு "இப்ப என்ன ஆடலாம்"னு கேட்டார், ஆளாளுக்கு ஒரு மூவ் சொன்னாங்க. அது ஓடிட்டிருந்த கரெஸ்பாண்டென்ஸ் ஆட்டம்! ஒரு மூவுக்கு மூணு நாள் டைம் இருக்கறதால அது ஆட்டம் இல்லைன்னு ஆயிடுமா? அதுல ஆரம்ப மூவ்களுக்கான ஓப்பனிங் புத்தகம், பழைய ஆட்டங்களைக் காட்டற எக்ஸ்ப்ளோரர் பார்க்கலாம். என்ஜினும் பார்க்கக் கூடாது, ஆள்கிட்டயும் கேக்கக் கூடாது. முடிஞ்ச ஆட்டத்தைப் போட்டதுக்கு இவ்வளவு சண்டை, முடியாத ஆட்டத்தைப் போட்டப்ப எல்லாரும் உதவிக்குப் போனீங்க.

அட்மின் · மாலை 5:30
அது தனி இழையில வரட்டும், ராபிட். இந்த விஷயத்துக்கு இப்படி வெச்சுக்கலாம். முடிஞ்ச ஆட்டம் மட்டும். லிங்க்கை அப்படியே போடாம, லிச்செஸ்ல ஸ்டடி ஒண்ணு, அதாவது மூவுக்கு மூவ் குறிப்பு எழுதற பக்கம், திறந்து அதுல ஆட்டத்தை ஏத்துங்க. எதிராளி பேர் இருக்கற இடத்துல "கருப்பு" இல்லை "வெள்ளை"னு மாத்துங்க, ரேட்டிங் இருக்கட்டும். எதிராளி சம்மதிச்சா பேர் போடலாம். எழுத வராதவங்க எந்த மூவ்ல சந்தேகம்னு ஒரு கேள்வி மட்டும் போட்டாப் போதும். கேலித் தலைப்பு கூடாது.

தொப்பூர்_குதிரை · மாலை 5:42
நான் ஒத்துக்கலை. எதிராளி யாருன்னே தெரியலைன்னா நான் நிஜமாவே ஜெயிச்சேன்னு எப்படி நம்புவாங்க? நானே ரெண்டு ஐடி வெச்சு ஆடிட்டேன்னு ஊத்தங்கரை அண்ணா சொல்லுவாரு. அதோட, நான் தோத்த ஆட்டத்தை என் பேரோடயே போடுங்க, எனக்கு ஒண்ணும் இல்லை.

அரூர்_வாத்தியார் · மாலை 5:50
உனக்கு ஒண்ணும் இல்லைங்கறது உன் சம்மதம் தம்பி. அதை என் சம்மதமா எடுத்துக்க முடியாது. ஸ்டடி திற, நான் சொன்ன கணக்கை ஒன்பதாவது மூவுக்குக் கீழே நானே எழுதறேன்.

தொப்பூர்_குதிரை · மாலை 6:20
ஸ்டடி போட்டாச்சு, உங்களுக்கும் எழுத அனுமதி குடுத்திருக்கேன். பேரை எடுத்துட்டேன், அட்மின் சொன்னதுக்காக மட்டும். விதியை ஓட்டுக்கு விடுங்க.

கிருஷ்ணகிரி_வக்கீல் · இரவு 8:05
எட்டாவதுல குதிரையை பி4-க்குப் பதிலா ஈ7-ல வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

பாப்பிரெட்டிப்பட்டி_யானை · இரவு 8:09
டி5-க்கு முட்டு கிடைக்கும், ஆனா எஃப்8 மந்திரிக்கு வழி அடைபடும். மீதியை ஸ்டடியில போட்டிருக்கேன் சார், அங்கே வாங்க. என்ஜின் இன்னும் தட்டலை.