ஈரோட்டில் இருந்து வீட்டுக்கு 5 பேர் வர்றாங்க: மெட்ரோ பாஸா, பஸ் பாஸா, டூர் பாஸா?

கேட்டவர் (காலடிப்பேட்டை, சென்னை):
வணக்கம். அடுத்த வாரம் வியாழன் காலை அம்மா, அப்பா (67), அக்கா, அக்கா பசங்க ரெண்டு பேர் (பையனுக்கு 9, பொண்ணுக்கு 4) சென்ட்ரல்ல இறங்குறாங்க. ஞாயிறு ராத்திரி ரயிலுக்குத் திரும்பணும். நாலு நாளும் எங்க வீட்டுல தான். மியூசியம், மயிலாப்பூர், மெரினா, ஜார்ஜ் டவுன் இதெல்லாம் பிளான். பசங்களுக்கு மெட்ரோல ஒரு நீண்ட ரவுண்டு.

மெட்ரோவுல ஒருநாள் டூரிஸ்ட் கார்டு 150 ரூபாய்னு பார்த்தேன், அதுல 50 டெபாசிட். பஸ்ஸுக்கு விருப்பம் போல் பயணம் மாசப் பாஸ் 1000 ரூபாய். ஒரு டிராவல்ஸ்காரர் தலைக்கு 900 கொடுத்தா ஒரே நாள்ல எல்லாம் சுத்திக் காட்டுறேன், நுழைவுக் கட்டணமும் சேர்த்துங்கறார். எதை எடுக்கறது? தலை சுத்துது.

டோல்கேட் ஆளு:
டூரிஸ்ட் கார்டே எடுங்க சார். டெபாசிட் திரும்பி வந்துடும், 100 ரூபாய்க்கு நாள் முழுக்க எத்தனை தடவை வேணா ஏறி இறங்கலாம். அப்பாவுக்கு 60 தாண்டிடுச்சில்ல, பஸ் டோக்கன் வாங்கிடுங்க, மாசம் 10 ஃப்ரீ.

தேரடி அக்கா:
தம்பி டோல்கேட், அந்த டோக்கன் சென்னையில குடியிருக்கிற பெரியவங்களுக்கு மட்டும். ஈரோட்டு ஆதாரை நீட்டினா குடுக்க மாட்டாங்க. அப்பா டிக்கெட் எடுத்துதான் போகணும், பரவால்ல, சாதாரண பஸ்ல 5 ரூபாய்ல இருந்து தானே ஆரம்பிக்குது.

கேட்டவரே, கார்டு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க. மெட்ரோல குறைஞ்சது 10, அதிகபட்சம் 50. 2021ல இதை 70ல இருந்து இறக்கினாங்க. 5 முதல் 12 கிலோமீட்டர் வரை 30 ரூபாய், காலடிப்பேட்டையில இருந்து சென்ட்ரல் இதுக்குள்ள தான் வரும். சிங்கார சென்னை கார்டு (பணம் போட்டு கேட்டுல தேய்க்கிறது) இல்லன்னா போன்ல க்யூஆர் டிக்கெட், ரெண்டுக்குமே 20 சதவீதம் தள்ளுபடி. அப்போ 24. போக வர 48. ஏர்போர்ட் வரைக்கும் போனாலும் 50க்கு 40, போய் வந்தா 80. நூறு ரூபாய் எங்க நிரம்புது? ஒரே நாள்ல கடைசி வரைக்கும் மூணு ட்ரிப்பாவது அடிக்கிற ஆளுக்குத்தான் அந்த கார்டு லாபம். 67 வயசு அப்பாவையும் நாலு வயசுப் பாப்பாவையும் வெச்சிக்கிட்டு அப்படியா சுத்தப் போறீங்க?

ஞாயித்துக்கிழமை இன்னும் மோசம், அதாவது கார்டுக்கு மோசம், உங்களுக்கு நல்லது. அன்னிக்கு மெட்ரோல பாதிக் கட்டணம். 50 ரூபாய் தூரம் 25 ரூபாய். பசங்களோட நீண்ட ரவுண்டை ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வைங்க.

கேட்டவர்:
அக்கா, இப்படி யோசிக்கவே இல்ல. பாஸ்னு பேர் வெச்சா லாபம்னு மனசு தானா நம்பிடுது. அம்மாவும் அக்காவும் வெளியூர், அவங்களுக்கு பஸ்ல இலவசம் உண்டா?

தேரடி அக்கா:
உண்டு. ஊர் கேக்க மாட்டாங்க, அட்டை கேக்க மாட்டாங்க. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ் எதுல ஏறினாலும் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி இதுல கிடையாது. முன்னாடி பின்னாடி பிங்க் பெயின்ட் அடிச்சிருந்தா சந்தேகமே வேணாம். புது பஸ் வந்தா நிறத்தைப் பாக்காம, படியில கால் வைக்கறதுக்கு முன்னாடி "கண்டக்டர் சார், லேடீஸ் ஃப்ரீயா?"ன்னு ஒரு வார்த்தை. எங்க மாமியார் ஒரு தடவை கேக்காம ஏறி பாரிஸ் கார்னர் வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே போனாங்க.

எண்ணூர் லோக்கல்:
பொண்ணு விஷயத்துல ஒண்ணு கவனிங்க. பஸ்லயும் ரயில்லயும் 5 வயசுக்குள்ள டிக்கெட் இல்ல. மெட்ரோல வயசு கணக்கில்ல, உயரம் கணக்கு. 90 செ.மீ.க்குள்ள இருந்தா தான் இலவசம். நாலு வயசுப் பிள்ளை பெரும்பாலும் அதைத் தாண்டிடும். கிளம்புறதுக்கு முன்னாடி கதவு நிலையில நிக்க வெச்சு அளந்துக்கோங்க, கேட்டுல நின்னு வாதாட வேணாம்.

அப்புறம் லோக்கல் ரயிலை எல்லாரும் மறந்துடுறீங்க. திருவொற்றியூர் ஸ்டேஷன்ல 5 ரூபாய் டிக்கெட், சென்ட்ரல் போயிடலாம். ஆனா ஒண்ணு, சென்ட்ரல் வண்டி கொருக்குப்பேட்டை தாண்டி பேசின் பிரிட்ஜ் வழியா போயிடும். ராயபுரம் ஸ்டேஷனைப் பசங்களுக்குக் காட்டணும்னா பீச் ஸ்டேஷன் போற வண்டி ஏறுங்க. 1856ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பின ஸ்டேஷன், சிவப்புக் கட்டடம், தூண் வரிசை. ரெண்டு நிமிஷம் இறங்கிப் பாத்துட்டு அடுத்த வண்டி ஏறலாம். பெட்டியும் மூட்டையுமா வர்ற வியாழக்கிழமை காலையில மட்டும் லோக்கல் வேணாம், படிக்கட்டு கொல்லும். மெட்ரோல லிஃப்ட் இருக்கு.

மண்ணடி பாய்:
அந்த 900 ரூபாய் டூர் பத்தி. போன வருஷம் மச்சான் குடும்பம் வந்தப்ப நானும் இப்படித்தான் ஒருத்தர்கிட்ட கட்டினேன், பேர் வேணாம். "நுழைவுக் கட்டணம் உட்பட"ன்னு பெருசா போட்டிருந்தான். மெரினா, சாந்தோம், கபாலி கோயில், பார்த்தசாரதி கோயில். இதுல எதுக்கு சார் நுழைவுக் கட்டணம்? காசு கேக்குற ஒரே இடம் எழும்பூர் மியூசியம். எங்களைக் கூட்டிட்டுப் போனது வெள்ளிக்கிழமை. மியூசியத்துக்கு வாராந்திர லீவே வெள்ளிக்கிழமை தான்! பூட்டின கேட்டுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு வந்தோம். மச்சான் பையன் கம்பி வழியா எட்டிப் பாத்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு.

கோட்டை மியூசியமும் வெள்ளி லீவு. வண்டலூர் ஜூ, கிண்டி சிறுவர் பூங்கா செவ்வாய் லீவு. நீங்க வியாழன் வர்றீங்க, மதியம் சாப்பிட்டதும் மியூசியத்தை முடிச்சிடுங்க. மாமல்லபுரம் போற எண்ணம் இருந்தா, தொல்லியல் துறை டிக்கெட் ஒண்ணு எடுத்தா கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அதுவே. முதல் இடத்துல கிழிச்சுப் போட்டுடாதீங்க. 15 வயசுக்குள்ள பசங்களுக்கு டிக்கெட் வேணாம்.

கேட்டவர்:
பாய், நல்ல வேளை. நானும் வெள்ளிக்கிழமை மியூசியம்னு தான் எழுதி வெச்சிருந்தேன். ஒரே ஒரு சிங்கார சென்னை கார்டு வாங்கி அஞ்சு பேருக்கும் தேய்ச்சுக்கலாமா?

டோல்கேட் ஆளு:
முடியாது சார். கேட்டுல ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. உங்களுக்கும் அக்காவுக்கும் கார்டு, மத்தவங்களுக்கு போன்ல க்யூஆர் எடுங்க. கார்டுக்கு ஆன்லைன்ல பணம் போட்டா உடனே கார்டுக்குள்ள ஏறிடும்னு நினைச்சிடாதீங்க. ஸ்டேஷன் மிஷின்ல கார்டை வெச்சு அப்டேட் பண்ணணும். நான் ராத்திரி 200 போட்டுட்டு காலையில கேட்டுல நின்னேன், சிவப்பு லைட். பின்னாடி பத்து பேர். (முதல்ல தப்பா சொன்னதுக்கு இது பரிகாரம்.)

தேரடி அக்கா:
மயிலாப்பூருக்கு மெட்ரோவைத் தேடாதீங்க. டோல்கேட்ல இருந்து திருவான்மியூர் போற 6டி பஸ் ஏறுங்க. காசிமேடு, பாரிஸ் தாண்டி கடற்கரை ஓரமாவே போகும். வலது பக்கம் உக்காந்தா ஒண்ணும் தெரியாது, இடது பக்க ஜன்னலைப் பிடிங்க.

கேட்டவர் (திங்கட்கிழமை):
எல்லாரும் நேத்து ராத்திரி ரயில் ஏறிட்டாங்க. கணக்கு சொல்லிடறேன். பாப்பா ஒரு மீட்டர் இருந்தா, அதனால அவளுக்கும் டிக்கெட். மெட்ரோ ஏறினது வியாழனும் ஞாயிறும் மட்டும். வியாழன் மூணு ட்ரிப், தலைக்கு 72. ஞாயிறு ஏர்போர்ட் போய் வர 50, ராத்திரி சென்ட்ரலுக்கு 15. ஆக தலைக்கு 137, அஞ்சு பேருக்கு 685. ரெண்டு நாளும் டூரிஸ்ட் கார்டு எடுத்திருந்தா டெபாசிட் போக ஆயிரம்.

வெள்ளிக்கிழமை 6டி. அம்மாவுக்கு கண்டக்டர் அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்ததும், "இதுக்கு எதுக்குப்பா டிக்கெட்டு"ன்னு திருப்பிக் குடுக்கப் போனாங்க. அவர் "வெச்சுக்கோங்கம்மா, செக்கிங் வந்தா கேப்பாங்க"ன்னார். காசு கட்டின அப்பா, தன் டிக்கெட்டையும் அதையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு சாந்தோம் வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தார், ஒண்ணும் பேசல.

சனிக்கிழமை தம்புச் செட்டித் தெருல காளிகாம்பாள் கோயில், 1677ல சிவாஜி வந்து கும்பிட்டதா சொல்ற கோயில். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் கிட்ட அத்தோ (பர்மா நூடுல்ஸ்). டூருக்குக் குடுக்காத காசுல ரெண்டு பிளேட் அதிகம், அக்கா மூணாவதும் கேட்டா.

ஒரு பாக்கி. அக்கா தன் கார்டை மறந்து பர்ஸ்லயே வெச்சு ஈரோட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. அதுல 60 ரூபாய் இருக்கு. என்ன பண்ண?

மண்ணடி பாய்:
பொங்கலுக்கு திரும்ப வரச் சொல்லுங்க.