வீட்டை இப்போதே எழுதிக் கொடுப்பதா, உயிலாக வைப்பதா?

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு தள்ளிக்கொண்டே வந்த ஒரு காரியத்தை இந்த மாதமே முடித்துவிட எண்ணுகிறேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டை மகன் பாலுவின் பெயருக்குச் செட்டில்மென்ட், அதாவது இப்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதிப் பதிவு செய்துவிட்டு, வங்கி வைப்புத்தொகையைச் செல்விக்கு விட்டுவிடலாம் என்பது என் திட்டம். வழக்கறிஞர் என்ற முறையில் வித்யா என்ன சொல்கிறாய்?

வித்யா: அவசரப்பட வேண்டாம், பெரியப்பா. செட்டில்மென்ட் பதிவானதும் வீடு அண்ணனுடையதாகிவிடும். நாளை மருத்துவச் செலவுக்காக அதை விற்க நேர்ந்தால் உங்கள் கையெழுத்து செல்லாது. மனம் மாறினாலும் நீங்களாக அதை ரத்து செய்ய இயலாது. உயில் அப்படியன்று. உங்கள் காலத்துக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும். அதுவரை வீடு உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

மாமா: கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே, அம்மா?

வித்யா: இருக்கிறது, மாமா. அதன் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டவர்கள், அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று நிரூபிப்பதற்கே அலைய வேண்டியிருக்கும். அப்படியே வென்றாலும், பெற்ற மகன்மீது மனுப்போட்டு வீட்டை மீட்கும் நிலைக்கு ஏன் வழிவைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பாலு அண்ணா, உங்களைச் சொல்லவில்லை.

பாலு அண்ணன்: புரிகிறது, வித்யா. அப்பா, வீடு இப்போதே என் பெயருக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உயிலாகவே எழுதுங்கள்.

செல்வி அக்கா: வைப்புத்தொகைக்கு அப்பா என்னை நாமினியாகப் போட்டிருக்கிறார். அதையும் உயிலில் எழுத வேண்டுமா?

வித்யா: கட்டாயம் எழுத வேண்டும், அக்கா. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர் மட்டுமே. அது யாருக்குச் சேரும் என்பதை உயிலோ, உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். பங்குகள் தொடர்பான வழக்கொன்றில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம் என்பதால், பலரும் அதையே உயிலுக்கு ஈடாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

பெரியப்பா: சரி, உயில் என்றே வைத்துக்கொள்வோம். பதிவு செய்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாதல்லவா?

வித்யா: கேட்கலாம், பெரியப்பா. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமும் இல்லை, பதிவு செய்வதால் மட்டும் அது நிரூபணமாகிவிடுவதும் இல்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் கேட்பது இதுதான்: குறைந்தது இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது உங்கள் கையெழுத்துதான் என்று நீங்களே சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால், பதிவான உயிலாகவே இருந்தாலும், சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். உங்கள் வயதொத்த நண்பர்கள் இருவரைச் சாட்சியாகப் போட்டால் அப்போது யாரைத் தேடுவது? இளையவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாகத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்கள் மருத்துவராக இருந்தால், தெளிந்த மனநிலையில் எழுதினீர்கள் என்பதற்கும் பலம் சேரும். உயிலில் உள்ளபடி சொத்துகளைப் பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றுநர் ஒருவரையும், உயிலில் குறிப்பிடாத பிற சொத்துகள் யாருக்கு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அத்தை: எங்கள் நிலை வேறு, வித்யா. மனவளர்ச்சி குன்றிய மகனின் பெயரில் சொத்தை எழுதிவைத்தால் அவனால் நிர்வகிக்க முடியாது. எங்களுக்குப் பிறகு யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

வித்யா: ஒருவருடைய நன்மைக்காகச் சொத்தை வேறொருவர் பொறுப்பில் வைக்கும் டிரஸ்ட் என்பது இப்படிப்பட்ட தேவைக்குத்தான், அத்தை. 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டப்படி, வீடு போன்ற அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம் இப்போதே டிரஸ்டில் வைக்கலாம். உங்கள் காலத்துக்குப் பிறகு டிரஸ்ட் உருவாகுமாறு உயிலிலேயே எழுதவும் செய்யலாம். டிரஸ்டை நிர்வகிக்கும் அறங்காவலராக ஒருவரை மட்டும் நம்பாமல், அவருக்கு மாற்றாக ஒருவரையும் குறிப்பிட வேண்டும். வாடகையை எதற்குச் செலவிடலாம், வீட்டை விற்க அதிகாரம் உண்டா என்பதையெல்லாம் விரிவாகப் பேச வேண்டியிருப்பதால் நாளை அழைக்கிறேன்.

பெரியம்மா: இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கிரயப் பத்திரம் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது என்பதை உங்கள் பெரியப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது.

வித்யா: அப்படியானால் பெரியப்பா தம்முடைய பங்கை மட்டுமே எழுத முடியும். உங்கள் பங்குக்கு நீங்கள் தனியாக ஓர் உயில் எழுத வேண்டும், பெரியம்மா. எழுதாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது பெரியப்பாவுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் சமமாகப் பிரியும். பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். இந்தக் குழுவில் வேண்டாம், எனக்குத் தனியாக.

பெரியம்மா: அனுப்புகிறேன். என் பங்கை யாருக்கு எழுதுவது என்பதை நான் இன்னும் யோசிக்க வேண்டும்.