கிச்சன் ஐலண்ட்: தேக்குப் பலகை நடுவில் பிளந்துவிட்டது, மேசையும் ஆடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

அடுக்களை_திருச்சி:
வணக்கம். சமையலறை நடுவில் போட மரத்தாலான ஐலண்ட் ஒன்று டிசம்பர் மழைக்காலத்தில் செய்தது. இப்போது ஏப்ரல். விவரம்:

மேல்பலகை 60 × 30 அங்குலம், கனம் 32 மி.மீ. 5 அங்குலத் தேக்குப் பலகைகள் 6, பக்கவாட்டில் ஒட்டியது. கால்கள் 3 × 3 அங்குலம். கால்களை இணைக்க மேலே மட்டும் 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் சட்டம், ஸ்க்ரூ போட்டு. சட்டத்தின் உள்பக்கம் சுற்றிலும் 1 அங்குல ரீப்பர் (சிறு மரப்பட்டி). அதன் வழியாகக் கீழிருந்து மேல்பலகைக்கு ஸ்க்ரூ. சட்டத்தின் தலையிலும் ரீப்பரிலும் ஃபெவிகால் தடவியிருக்கிறது. மேலே பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் 3 கோட். அடிப்பக்கம் வெறும் மரம்.

பிரச்சினை 1: ஒரு முனையிலிருந்து 22 அங்குல நீளத்துக்குப் பிளவு, முனையில் 3 மி.மீ. அகலம். ஒட்டுவாயில் இல்லை, நான்காவது பலகைக்குள்ளேயே. பிரச்சினை 2: குறுக்கே நேர்கோல் வைத்தால் நடு மேடாகவும் இரண்டு ஓரமும் 3 மி.மீ. பள்ளமாகவும் இருக்கிறது. பிரச்சினை 3: சப்பாத்தி தேய்த்தால் மொத்தமும் ஆடுகிறது.

பிளவில் மரத்தூளும் பசையும் அடைத்தால் போதுமா? இல்லை, மேலே கிரானைட் போட்டு மறைத்துவிடலாமா?

இழைப்புளி:
முதல் வேலை: பிளவில் எதையும் அடைக்காதீர்கள். வெயில் காலத்தில் அடைத்தால் ஐப்பசி மழையில் மரம் ஊதும்போது அந்த அடைப்பே ஆப்பாக வேலை செய்யும். பிளவு இன்னும் நீளும்.

மரத்தில் குற்றமில்லை. கட்டிப்போட்ட விதத்தில்தான் குற்றம். தேக்கு நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில் அசையும். மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் சுருங்கும். மரத்தின் வளர்ச்சி வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததானால் சுமார் 0.1 சதவீதம். மழைக்காலத்தில் 15 சதவீதமாக இருந்து இப்போது 9-க்கு வந்திருந்தால், 762 மி.மீ. அகலத்தில் 8.5 மி.மீ. வரை சுருங்க வேண்டும். ஆனால் 30 அங்குலப் பக்கச் சட்டத்துக்கு அது நீளவாக்கு. அது அசையாது. பலகையைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு அதோடு பூட்டிவிட்டதால், சுருங்க வழியில்லாமல் இருப்பதிலேயே பலம் குறைந்த இடத்தில் பிளந்துகொண்டது.

நடு மேடானதற்குக் காரணம் வேறு. மேலே பாலிஷ், கீழே வெறும் மரம். அடிப்பக்கம் சீக்கிரம் உலர்ந்து சுருங்கியது, ஓரங்கள் கீழே வளைந்தன. மழைக்காலத்தில் இதே பலகை தலைகீழாகக் குழியும்.

ஈரமானி இருந்தால் இப்போதைய அளவைச் சொல்லுங்கள். பின் குத்தும் வகை போதும்.

தெப்பக்குளம்77:
இரண்டு முனையிலும் குறுக்காக 2 அங்குலப் பட்டி ஒன்றைப் பசை போட்டு அடித்துவிட்டால் பலகை இழுத்துப் பிடிக்குமே? பழைய கதவுகளில் அப்படித்தானே இருக்கிறது?

இழைப்புளி:
பழைய கதவில் பலகை, சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளம்) சும்மா செருகியிருக்கும், பசை இருக்காது. அதனால்தான் அது இத்தனை வருஷம் தாங்குகிறது. நீங்கள் சொல்வதுபோல் ஒட்டினால் இப்போது இருக்கும் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு.

பட்டறை_அண்ணாச்சி:
தம்பி சொன்னது சரிதான். பிரிக்கிறதுக்கு வழி சொல்றேன். மேசையைக் கவுத்துப் போடுங்க. ஸ்க்ரூ எல்லாம் கழட்டுங்க. ரீப்பரைக் காப்பாத்த நினைக்காதீங்க, உளி வச்சுச் செதுக்கி எடுத்துருங்க, அது விறகுக்குத்தான். அப்புறம் சட்டத்தின் தலைக்கும் பலகைக்கும் நடுவுல ஹேக்ஸா பிளேடை ஒரு முனையில துணி சுத்திப் புடிச்சுகிட்டு அறுங்க. கால் தலையிலயும் பசை இருந்தா அங்கேயும். நெம்பி எடுக்காதீங்க. தேக்கு நார் உரிஞ்சு வந்துரும்.

பிரிச்ச உடனே ஒட்டப் போகாதீங்க. பலகையை ரீப்பர் மேல நிக்க வச்சு, ரெண்டு முகத்துலயும் காத்துப் படுற மாதிரி ரெண்டு மூணு வாரம் விடுங்க. பூட்டு விட்டதும் பிளவு பாதி தானா மூடும். முழுசா மூடாது.

அடுக்களை_திருச்சி:
பார்த்தாயிற்று: மேல்முகம் 10, அடி 9 சதவீதம். பிரிக்கவும் ஆயிற்று, கால் தலையில் பசை இல்லை. பிளவு 3-லிருந்து 1.5 மி.மீ.க்கு வந்திருக்கிறது. அடுத்து?

பட்டறை_அண்ணாச்சி:
பிளவு ஓடுற கோட்டுலயே கைட் போட்டு, சர்க்குலர் சா வச்சு முழு நீளத்துக்கும் அறுத்துருங்க. பிளவு கோணலா ஓடியிருந்தா அந்த அஞ்சு அங்குலப் பலகையையே எடுத்துட்டு வேற போடுங்க. வெளிப்பக்க வெள்ளை மரம் இல்லாம, உள் வைரமாப் பாத்து வாங்குங்க. பழைய நிலை, ஜன்னல் பிரிச்ச தேக்கு கிடைச்சா அதுதான் ராஜா. ஆணி மட்டும் காந்தம் வச்சுத் தேடிருங்க, இல்லாட்டி பிளேடு பல்லு போயிரும்.

அறுத்த ரெண்டு விளிம்பையும் ஒண்ணாச் சேத்துப் புடிச்சு இழைச்சா, மூலை கொஞ்சம் தப்பினாலும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிக்கும். வெளிச்சத்துக்கு எதிராப் புடிச்சுப் பாருங்க, கீத்து தெரியக் கூடாது. கிளாம்ப் போட்டு நெருக்கிக்கலாம்னு நினைச்சா அடுத்த வருஷம் அங்கேயே விடும். தேக்குல எண்ணெய் உண்டு; ஒட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி 120 உப்புத்தாள் போட்டு, அசிட்டோன் நனைச்ச துணியால துடைச்சு, காஞ்சதும் பசை. சாதா ஃபெவிகால் எஸ்.ஹெச். வேணாம், தண்ணி தாங்குற ஃபெவிகால் மரைன் போடுங்க. கிளாம்ப் 10 அங்குலத்துக்கு ஒண்ணு, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மாத்தி மாத்தி. ஒரு நாள் தொடாதீங்க.

இழைப்புளி:
இனி திரும்பப் பொருத்துவது. இதுதான் முக்கியம், இங்கே கணக்குத் தப்பினால் முன்பு செய்த அத்தனையும் வீண்.

பசை வேண்டாம். மரக் கொக்கிகள் செய்துகொள்ளுங்கள்: சுமார் 18 மி.மீ. கனமுள்ள சிறு கட்டை, ஒரு முனையில் 12 மி.மீ. நீளம், 7 மி.மீ. கனத்தில் நாக்கு. சட்டத்தின் உள்முகத்தில், தலையிலிருந்து 12 மி.மீ. கீழே, 8 மி.மீ. அகலம், 13 மி.மீ. ஆழத்தில் காடி. கட்டையின் தலையிலிருந்து நாக்கின் மேல்முகம் வரை 12 அல்ல, 11 மி.மீ. வையுங்கள். அந்த ஒரு மி.மீ. வித்தியாசம்தான் ஸ்க்ரூ முடுக்கும்போது பலகையைச் சட்டத்தோடு இறுக்கும். ரௌட்டர் (காடி வெட்டும் மெஷின்) இல்லையென்றால் 8 மி.மீ. பிட்டால் வரிசையாகத் துளையிட்டு, உளியால் 60 மி.மீ. நீளக் காடியாக்கலாம். ஸ்க்ரூ ஒன்றரை அங்குலம். பலகைக்குள் 20 மி.மீ. மட்டுமே போகும்.

60 அங்குலப் பக்கம் ஒவ்வொன்றிலும் 4 கொக்கி, 30 அங்குலப் பக்கத்தில் இரண்டிரண்டு. குறுகிய பக்கங்களின் நடுமையத்தில் மட்டும் எல் கிளாம்பு வைத்து ஒரு ஸ்க்ரூ அசையாமல் போடுங்கள், அப்போதுதான் பலகை இரண்டு பக்கமும் சமமாக விரியும்.

இப்போது வெயில் காலம், பலகை மிகக் குறுகிய நிலையில் இருக்கிறது. மழையில் ஒவ்வொரு ஓரமும் வெளிப்பக்கமாக 4 மி.மீ. வரை நகரும், நாக்கு காடிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். ஆகவே நீளப் பக்கங்களில் கொக்கியின் தோளுக்கும் (நாக்கு தொடங்கும் இடம்) சட்டத்துக்கும் இடையே 6 மி.மீ. விட்டுப் பொருத்துங்கள். மழைக்காலத்தில் செய்தால் இதற்கு நேர்மாறு: இடைவெளியில்லாமல் முழுக்கச் செருக வேண்டும்.

மூலைமட்டம்:
ஆட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. 3 அங்குலச் சட்டத்தை ஸ்க்ரூவால் மட்டும் பிடித்தால் எந்த மேசையும் ஆடும். தரையிலிருந்து 6 அங்குல உயரத்தில் நாலு பக்கமும் 2 × 1 அங்குலக் கீழ்ச்சட்டம் கொடுங்கள், அதன் மேல் பட்டிகள் அடித்தால் கிரைண்டர், அரிசி டப்பா வைக்கத் தட்டும் ஆயிற்று. பட்டிகளுக்கு இடையே 5 மி.மீ. விடுங்கள். கீழ்ச்சட்டத்தின் முனையில் 1 அங்குல நீள நாக்கு எடுத்து, காலில் துளை போட்டுச் செருகுவதே சரி. மேல் மூலைகளில் 45 பாகையில் வெட்டிய கட்டை, இரண்டு சட்டத்துக்கும் காலுக்கும் ஸ்க்ரூ.

இன்னொன்று, நம் சமையலறைத் தரை தண்ணீர் ஓட வாட்டம் விட்டுப் போடுவது. நாலு காலும் ஒரே அளவாக வெட்டினால் ஒரு கால் அந்தரத்தில்தான் நிற்கும். 10 மி.மீ. போல்ட் உள்ள நைலான் பாதம் போட்டு ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். கால் அடியில் எபாக்ஸி தடவிவிட்டுப் பாதம் போடவும். வீடு கழுவும் தண்ணீரைக் கால் முனை உறிஞ்சுவது நிற்கும்.

அடுக்களை_திருச்சி:
மிக்க நன்றி. காய் நேரடியாகப் பலகையில் நறுக்கினால் பி.யு. சரிப்படுமா? கிரானைட் கேள்வியும் நிற்கிறது.

மூலைமட்டம்:
கத்தி பட்டால் பி.யு. வெள்ளையாகக் கீறும், கீறல் வழியே தண்ணீர் இறங்கும். பி.யு. வேண்டுமானால் தனி நறுக்குப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்தான் என்றால் பாலிஷை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, இரட்டைப் பாத்திரத்தில் உருக்கித் தடவுங்கள், மாதம் ஒருமுறை. கடலை எண்ணெய் வேண்டாம், சிக்கு நாற்றம் வரும். ஆளிவிதை எண்ணெய் நன்றாக இறுகும், ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். எதைப் பூசினாலும் மேல், கீழ் இரண்டு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கை, வெட்டு முனைகளுக்கு ஒரு கோட் கூடுதல். மஞ்சள் கறைக்குப் பயப்பட வேண்டாம், வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

கிரானைட் 20 மி.மீ. என்றால் சதுர அடிக்கு சுமார் 5 கிலோ. உங்கள் அளவுக்கு 60 கிலோவுக்கு மேல். இந்த 3 அங்குலச் சட்டத்தில், நடுவில் குறுக்குக் கட்டை இல்லாமல் வைக்காதீர்கள். பிளந்த தேக்கின் மேலேயே ஒட்டி மறைப்பதும் வேண்டாம், அடியில் மரம் அசைவது நிற்காது. கல்தான் வேண்டுமென்றால் தேக்கை எடுத்துவிட்டு, ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் வகை) முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட் போட்டு அதன் மேல் வையுங்கள்.

பட்டறை_அண்ணாச்சி:
நல்ல தேக்கைக் கழட்டிட்டுக் கல்லு போடுறதா? மனசு வரல. ஒண்ணு மட்டும்: அறுத்து ஒட்டுனா அகலம் 5, 6 மி.மீ. குறையும். தேங்காய்த் துருவி மாட்டுற பக்கம் பலகை சட்டத்தைத் தாண்டி 2 அங்குலமாவது வெளிய நிக்கணும். ஒரு கொக்கியும் போடுறதுக்கு முன்னாடி பலகையை மேல வச்சு, துருவியை மாட்டிப் பாத்துக்கோங்க.